நட்டவர் சென்றபின் நீர் ஊற்றுபவர் யார்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் வயல்கள் அருகி, ஆலைகள் பெருகிவிட்டன. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையிலும், 2010-இல் ஒரகடத்திலும் மோட்டார் கார்கள் தயாராகத் தொடங்கின. ஏரிநீரை நம்பி உழுத குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று ஷிப்டு முறையில் ஆலைக்குள் நுழைகின்றனர். மாதந்தோறும் ஊதியம் வருகிறது. அதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும், ஒரு கட்டுக் கீரைக்கும் கடையை நாடும் நிலை உடன் வந்துவிட்டது.

2021 டிசம்பரில் இப்பகுதி விடுதியொன்றில் உணவு நஞ்சானதால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர் நோயுற்றனர். அவர்தம் தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டனர். அப்பெண்களில் சிற்றூர்களிலிருந்து வந்தோர் பலர். விளைவிக்கத் தெரிந்த குலத்தின் மகள், தன் தட்டில் விழுவது எங்கு விளைந்தது என்றறியாமல் உண்பது எத்துணை வருந்தத்தக்கது!

இந்நிலையில், விடுமுறை நாட்களில் ஏதேனும் ஒரு பண்ணையில் தொண்டாற்றவும், பிற நாடுகளுக்குச் சென்று எளிய மக்களுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுக்கவும் ஆர்வங்கொள்ளும் இளைஞர் உண்டு. இது நல்ல ஆர்வமே. ஆனால் அது பயன் தருவது எப்போது என்பதை நாம் ஆராய வேண்டும்.

இங்கிலாந்தில் 1971-ஆம் ஆண்டு சூ காப்பர்ட் என்னும் பெண்மணி, இலண்டன் அலுவலகப் பணியின் நடுவே, சில நண்பர்களுடன் வார இறுதியில் ஒரு பண்ணைக்குச் சென்று உழைத்தார். அந்தச் சிறு தொடக்கமே 'வூஃப்' என்ற இயக்கமாக வளர்ந்து இந்தியா உட்படப் பல நாடுகளில் பரவியது. தொண்டர் தம் உழைப்பைத் தருவார். பண்ணைக் குடும்பம் உணவும் உறைவிடமும் தரும். அங்கே சென்றவர் கொடுத்ததைவிடக் கற்றதே மிகுதி.

நம் மாநிலத்திலேயே இன்னொரு சான்று உண்டு. ஆரோவில்லுக்கு அருகே, மண் அரித்துப் பாழ்பட்டுக் கிடந்த 70 ஏக்கர் நிலத்தில், இஸ்ரவேல் நாட்டிலிருந்து வந்த அவிராம், யோரித் ரோசின் தம்பதியர் 2003-இல் 'சாதனா வனம்' என்ற பணியைத் தொடங்கினர். பல நாட்டுத் தொண்டர்கள் வந்து வரப்புகள் கட்டி, மழைநீரைத் தேக்கி, மரம் நட்டனர். 2010-ஆம் ஆண்டு நிலநடுக்கம் ஹைட்டி நாட்டைச் சிதைத்தபின், அவ்வனத்தார் அங்கும் சென்று, உணவு தரும் மரங்களை மக்களுடன் சேர்ந்து நட்டனர். 2014-இல் கென்யாவின் சம்புரு பகுதியிலும் அப்பணி தொடங்கியது. தமிழ் மண்ணில் பெற்ற பயிற்சி கடல் கடந்தது!

ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் தோமினிக் சபைக் குரு காட்ஃப்ரே இன்சமுஜோ 1985-இல் ஒரு ஹெக்டேர் நிலத்தில், பள்ளிப் படிப்பை இடையில் விட்ட இளைஞர் சிலருடன் 'சொங்காய்' பண்ணையைத் தொடங்கினார். அங்கு பயில்பவர் தம் ஊர் திரும்பித் தம் நிலத்தில் உழைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

இவற்றில் நமக்குரிய பாடம் யாது? நடுவது எளிது. ஒரு நாள் போதும், புகைப்படமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சித்திரை வெயிலில் குடம் சுமந்து நீர் ஊற்றுபவர் எவரோ, அவருடையதே அத்தோட்டம். அவரைக் கேளாமல், அவர் உண்ணும் பயிர் எதுவென அறியாமல் நட்ட தோட்டம், நட்டவர் விடைபெற்ற பின் வாடிவிடும்.

ஆகவே, வெளிநாடு செல்ல விரும்பும் இளைஞர் முதலில் தம் பங்கிலேயே தொடங்கட்டும். ஆடி மாதத்தில் கோவில் வளாகத்தின் ஒரு மூலையில் முருங்கைப் போத்து ஊன்றலாம். அவரைக்குப் பந்தல் இடலாம். ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறிக்கத்தக்க சிறுகீரை விதைக்கலாம். 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க விடுதி திறக்கப்பட்டது. அத்தகைய விடுதிகளில் வாழும் நம் சகோதரிகளையும், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்துள்ள தொழிலாளரையும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் அழைப்போம். அவர்கள் ஊரில் எக்கீரை விளையும், எப்படிச் சமைப்பர் என்று கேட்போம். விதைக்கும் முன்பே, எந்த ஷிப்டினர் எந்நாளில் நீர் ஊற்றுவர் என்று பட்டியல் எழுதுவோம். அயலார் நம் வாயிலுக்கே வந்திருக்க, கடல் கடந்துதான் தொண்டு செய்ய வேண்டுமோ?

கொரிந்து நகரத்தார் தம்முள் பிளவுபட்டபோது, நட்ட தம்மையும் நீர் பாய்ச்சிய அப்பொல்லோவையும் பெரிதாக எண்ண வேண்டாம், விளையச் செய்பவர் கடவுளே என்று புனித பவுல் அவர்களுக்கு நினைவூட்டினார். நடுவதற்கு முன்வருவோர் பலர். பெயரின்றி நீர் ஊற்றும் பணியை நம் குடும்பங்கள் ஏற்குமா?