பொத்தானை அழுத்தினால் பயிற்சி முடிந்துவிடுமா?

வேலையிடத்தில் இணையம் வழி நடத்தப்படும் பயிற்சிகளைப் பற்றி இன்று பேசுவோம். போர்ட் கிள்ளானுக்கு இது மிகவும் பொருத்தமான தலைப்பு. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட இத்துறைமுகம், 20 அடிக் கொள்கலன் கணக்கில், 2023இல் மட்டும் 1 கோடியே 40 லட்சத்தைக் கையாண்டது. உள்ளே இருப்பது அபாயகரமான சரக்கு என்றால், வெளியில் ஒட்டியிருக்கும் வைர வடிவ அட்டைதான் அதைச் சொல்லும்.

இச்சரக்குகளை அனைத்துலகக் கடல்சார் விதி 9 வகுப்புகளாகப் பிரித்துள்ளது. கப்பலில் மட்டுமல்ல, கரையில் இவற்றைக் கையாளும் பணியாளர்களுக்கும் 2010 ஜனவரி 1 முதல் பயிற்சி கட்டாயம். ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி லெபனானின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த அமோனியம் நைட்ரேட் வெடித்து 200க்கும் மேற்பட்டோர் மாண்டதை நினைத்தால் போதும்.

ஆனால், பல நிறுவனங்களில் இணையப் பயிற்சி எப்படி நடக்கிறது? ஆங்கிலத்தில் 60 பக்கங்கள். "அடுத்து", "அடுத்து" என்று அழுத்திக்கொண்டே போனால், கடைசியில் சான்றிதழ். படித்தவரும் படிக்காதவரும் ஒன்றுபோல் தேர்ச்சி! இது நிறுவனத்தின் கோப்புக்காகச் செய்த பயிற்சியே தவிர, தொழிலாளருக்காகச் செய்ததன்று.

கற்பவரை மையமாக வைத்தால் பாடம் வேறு இடத்தில் தொடங்கும். மழை கொட்டுகிறது. நீல அட்டை ஒட்டிய கொள்கலனின் கூரையில் ஓட்டை. உள்ளே கால்சியம் கார்பைட், அதாவது மாம்பழம் பழுக்க வைக்கச் சிலர் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தும் அதே கல். நீங்கள் என்ன செய்வீர்கள்? கதவைத் திறந்து பார்ப்பீர்களா, தண்ணீர் அடிப்பீர்களா, விலகி நின்று மேற்பார்வையாளருக்குத் தகவல் கொடுப்பீர்களா? தண்ணீர் என்று பதில் சொன்னவருக்கு வெறும் "தவறு" என்று காட்டினால் போதாது. ஈரம் பட்டால் கார்பைட் அசிட்டிலின் வாயுவைக் கக்கும், ஒரு பொறி பட்டாலே தீப்பிடிக்கும் என்பதை அங்கேயே, மலாயிலோ தமிழிலோ அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். நீல அட்டையை ஏற்கெனவே நன்கு அறிந்தவர் அடுத்த பாடத்துக்குத் தாவட்டுமே. அவரை ஏன் உட்கார வைக்க வேண்டும்?

கேள்வி கேட்பது தேர்வுக்காக மட்டுமல்ல. ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னே நின்றார்கள். ஆகவே 60 பக்கங்களை ஒரே மூச்சில் திணிப்பதைவிட, ஐந்து நிமிடப் பாடமும், சில நாள் இடைவெளியில் மீண்டும் இரண்டு கேள்விகளும் அதிகப் பயன் தரும்.

பணமில்லை என்ற சாக்கு இங்கு எடுபடாது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்துள்ள முதலாளிகளில் பெரும்பாலோர், 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள லெவியாகச் செலுத்துகின்றனர். பயிற்சிக்கென்றே உள்ள பணம் அது.

நேரம்தான் சிக்கல். ஷிப்ட் முடிந்து களைத்துப்போனவரிடம் "வீட்டில் செய்துகொள்" என்றால், கைப்பேசியை மகன் வாங்கி இரண்டே நிமிடத்தில் அழுத்தி முடித்துவிடுவான். சான்றிதழ் அப்பா பெயரில் வரும். அந்த ஐந்து நிமிடத்தை வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு ஒதுக்க வேண்டும்.