உங்களுக்குத் தெரியுமா? பழ ஈயின் ஆயுள் கணக்கு

திருவண்ணாமலை தேரடி வீதியில், கனிந்து கறுத்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் சிவப்புக் கண் குட்டி ஈயைப் பார்த்திருப்பீர்கள். நீளம் 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. குரோமோசோம்களோ வெறும் 4 ஜோடி.

சில சமயம் குரோமோசோமின் ஒரு துண்டு அறுபட்டு, தலைகீழாகத் திரும்பி, அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜோடியில் ஒன்று மட்டும் இப்படித் திரும்பியிருந்தால், ஈயின் புழுப் பருவத்தில் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள ராட்சத குரோமோசோம்கள் வளையமாகச் சுருண்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மைக்ரோஸ்கோப் இருந்தால் போதும்.

இந்தப் புரட்டல் உடலையும் ஆயுளையும் தொடுகிறது. மூன்றாம் குரோமோசோமில் உள்ள ‘பெய்ன்’ என்ற தலைகீழ்த் துண்டு, அமெரிக்காவில், வெயில் காயும் ஃபுளோரிடாவில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. குளிரடிக்கும் மெய்ன் மாநிலத்தில் அறவே இல்லை. அதைச் சுமக்கும் ஈக்கள் உருவத்தில் சிறியவை. அவற்றின் ஆயுளும் குறைவாகவே இருந்தது என்கிறது 2018இல் வெளியான ஆய்வு.

நம் நாட்டில்? ‘டிரோசோஃபிலா அனனாசே’ என்ற இன்னொரு பழ ஈயை ஜம்மு முதல் கன்னியாகுமரி வரை பிடித்து ஆராய்ந்தது பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் பி.என். சிங் குழு. ஆல்ஃபா, டெல்டா, ஈட்டா என்ற மூன்று புரட்டல்களும் வடக்கைவிடத் தெற்கத்தி ஈக்களிடமே அதிகம்.