பந்தை உதைத்தால் கோடி, நட்டை முடுக்கினால்?

ஓசூரில் பொழுது விடியும் முன்பே டீக்கடைகள் விழித்துக்கொள்கின்றன. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாகக் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். ஒருவர் தமிழில் டீ கேட்கிறார். இன்னொருவர் தெலுங்கில் கேட்கிறார். மூன்றாமவர் கன்னடத்தில் மீதிச் சில்லறை கேட்கிறார். இந்தியும் காதில் விழுகிறது.

அப்படி ஒரு கடையில் ஒரு நாள் காலையில் வாக்குவாதம் நடந்தது.

அங்கே நீல நிறப் பனியன் போட்ட ஓர் இளைஞர் நின்றார். முதுகில் "சேத்ரி 11" என்று எழுதியிருந்தது. பெங்களூரு கால்பந்துக் கிளப்பின் சுனில் சேத்ரிதான். பக்கத்தில் நின்ற நண்பர் சீண்டினார்.

"பந்தை உதைக்கிறவனுக்குக் கோடி கோடியாக் கொடுக்கிறாங்க. நாள் பூரா நட்டை முடுக்கிற நமக்கு என்ன கிடைக்குது? நீ அவன் பேரை முதுகுல சுமக்கிற!"

பனியன்காரருக்குப் பதில் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் பேசினார். ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்.

"அவனும் சம்பளக்காரன்தான் தம்பி. பெங்களூர்ல சம்பளத்தையே நிறுத்தினாங்களே, மறந்துட்டியா?"

பெரியவர் சொன்னது உண்மைதான்.

சம்பளம் நின்றது

நம் நாட்டில் கால்பந்துக்கென்று 2014-ம் ஆண்டு பெரிய பணம் போட்டு ஒரு லீக் போட்டி தொடங்கினார்கள். அதன் பெயர் இந்தியன் சூப்பர் லீக். போட்டியை நடத்திய கம்பெனிக்கும் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. பிறகு யார் நடத்துவது என்று முடிவாகவில்லை. 2025 ஜூலையில் போட்டி நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆகஸ்டு மாதம் பெங்களூரு கிளப், முதல் அணி ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. சென்னையின் கிளப்பும் அதே வாரத்தில் வேலைகளை நிறுத்தி வைத்தது.

ஊழியர் என்றால் யார்? காலைப் பிடித்து விடுகிறவர், துணி துவைக்கிறவர், புல் வெட்டுகிறவர் எல்லோரும் ஊழியர்தான். பிரபல ஆட்டக்காரருக்கு வங்கியில் சேமிப்பு இருக்கும். ஊழியருக்கு வாடகை இருக்கும்.

2026 ஜனவரியில் சேத்ரியும் மற்ற ஆட்டக்காரர்களும் ஒரு வீடியோவில் தோன்றி, இந்தியக் கால்பந்தைக் காப்பாற்றும்படி உலகக் கால்பந்துச் சம்மேளனத்திடம் முறையிட்டார்கள். பிறகு மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பிப்ரவரி 14-ந் தேதி போட்டி தொடங்கும் என்று அறிவித்தார். ஆட்டங்கள் குறைந்தன. ஆனால் பந்து உருண்டது.

ஆலையே அணி வைத்த காலம்

முன்பு நம் ஊர்ப் பந்தாட்டக்காரருக்கு இந்தப் பயம் இல்லை. அவருக்குக் கோடியும் இல்லை. ஆனால் வேலை இருந்தது. பெங்களூரில் விமானம் செய்த எச்.ஏ.எல். ஆலையும், டெலிபோன் செய்த ஐ.டி.ஐ. ஆலையும் பலமான அணிகளை வைத்திருந்தன. சென்னையில் ரெயில் பெட்டி செய்யும் ஐ.சி.எப். ஆலையும் இந்தியன் வங்கியும் அப்படியே. நன்றாகப் பந்து ஆடினால் ஆலையில் ஒரு நிரந்தர வேலை! மகளைக் கொடுக்க மாமனார்களும் தயங்க மாட்டார்கள்.

1996-97-ல் நடந்த முதல் தேசிய லீக் போட்டியில் வென்றது யார் தெரியுமா? பஞ்சாபில் உள்ள ஒரு துணி ஆலை. ஜே.சி.டி. மில் அணி. 2011-ல் அந்த அணி கலைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டே மகிந்திரா கம்பெனியின் அணியும் கலைந்தது. ஆலைச் சம்பளம் போய், கிளப் சம்பளம் வந்தது. தொகை பெரியது, காலம் குறுகியது.

பெண்கள் நிலை வேறு. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்காகப் பல ஆண்டு ஆடியவர். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டச் சட்டை போட வேண்டும்! 2022-ல் ஆண்கள் உலகக் கோப்பைக்கு மொத்தப் பரிசு 44 கோடி டாலர். அடுத்த ஆண்டு பெண்கள் உலகக் கோப்பைக்கு 11 கோடி டாலர். நாலில் ஒரு பங்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்று இந்தியாவில் 1976-லேயே சட்டம் போட்டோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கைப்பேசிப் பாகங்கள் செய்யும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

20 பவுனுக்கு மேல் கிடையாது!

பந்தாட்டக்காரருக்கு இவ்வளவு பணம் எப்படி வந்தது? யாரும் மனம் இரங்கிக் கொடுக்கவில்லை. அது ஒரு தொழிற்சங்கக் கதை. இங்கிலாந்தில் நடந்தது.

அந்த நாட்டில் 1901-ம் ஆண்டு ஒரு விதி வந்தது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஆனாலும் வாரம் 4 பவுனுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது. (பவுன் என்றால் நம் நகைக் கடைப் பவுன் அல்ல, அந்த நாட்டு நாணயம்.) குறைந்தபட்சக் கூலி என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இது அதிகபட்சக் கூலி!

1907-ல் ஆட்டக்காரர்கள் மான்செஸ்டர் நகரில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் பில்லி மெரிடித். 12 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனவர். சங்கத்தை விட்டு விலகாவிட்டால் ஆட விடமாட்டோம் என்று மேலிடம் மிரட்டியது. மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் அசையவில்லை.

ஆனாலும் விதி போகவில்லை. 1958-ல் உச்ச வரம்பு வாரம் 20 பவுன்தான். சாதாரண ஆலைத் தொழிலாளிக்கு 15 பவுன் கிடைத்தது. ஸ்டான்லி மாத்யூஸ் ஆடுகிறார் என்றால் மைதானம் நிரம்பி வழியும். அவருக்கும் அதே உச்ச வரம்புதான். டிக்கெட் பணம் எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? அதைத்தான் ஜிம்மி ஹில்லும் கேட்டார்.

ஜிம்மி ஹில் புல்ஹாம் கிளப்பின் ஆட்டக்காரர். தாடி வைத்தவர். 1957-ல் சங்கத் தலைவரானார். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். மான்செஸ்டர் கூட்டத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இன்றும் சொல்வார்கள்.

இளம் ஆட்டக்காரர் ஒருவர் எழுந்து, தன் தகப்பனார் சுரங்கத்தில் பாடுபட்டும் தன்னைவிடக் குறைவாகத்தான் சம்பாதிக்கிறார், நமக்கு இதற்கு மேல் எதற்கு என்று கேட்டார். சபை அமைதியானது. நம் டீக்கடைக் கேள்விதான்!

பதில் சொன்னவர் டாமி பாங்க்ஸ். அவரும் சுரங்கத் தொழில் அறிந்தவர். சுரங்க வேலை கஷ்டம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சுரங்கத்தில் கரி வெட்டுவதை 30 ஆயிரம் பேர் காசு கொடுத்துப் பார்ப்பதில்லை என்றார். தகப்பனார் ஒரு சனிக்கிழமை வந்து மாத்யூசைத் தடுத்து ஆடிப் பார்க்கட்டும் என்றாராம். கூட்டம் சிரித்தது; வாக்கும் அளித்தது.

1961 ஜனவரி 21 முதல் வேலை நிறுத்தம் என்று நாள் குறித்தார்கள். மூன்று நாள் முன்பே, 18-ந் தேதி, முதலாளிகள் இறங்கி வந்தார்கள். உச்ச வரம்பு ஒழிந்தது.

புல்ஹாம் கிளப்பின் தலைவர் டாமி டிரிண்டர் ஒரு நகைச்சுவை நடிகர். விதி மட்டும் இல்லாவிட்டால் ஜானி ஹெய்ன்சுக்கு வாரம் 100 பவுன் கொடுப்பேன் என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். விதி போய்விட்டது. வாய்விட்ட வார்த்தையை மீற முடியுமா? கொடுத்தார்!

வேலையும் இல்லை, விடுதலையும் இல்லை

இன்னொரு விலங்கு பாக்கி இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் சம்மதிக்காமல் வேறு கிளப்புக்குப் போக முடியாது. சம்பளம் கொடுக்காமலே பிடித்து வைக்கலாம்.

நியூகாசில் கிளப்பில் இருந்த ஜார்ஜ் ஈஸ்தாம் விலக விரும்பினார். விடவில்லை. அவர் ஆட மறுத்து, நண்பர் ஒருவரிடம் தக்கை விற்கும் வேலைக்குப் போனார். பிறகு அவரை ஆர்சனல் கிளப்புக்கு விட்டார்கள். ஆனாலும் அவர் வழக்கைக் கைவிடவில்லை. 1963-ல் நீதிபதி வில்பர்போர்ஸ், ஆட்டக்காரரை இப்படிப் பிடித்து வைப்பது நியாயமற்றது என்று தீர்ப்பளித்தார்.

பெல்ஜியம் நாட்டு பாஸ்மனின் கதை இதைவிடச் சோகம். ஒப்பந்தம் முடிந்ததும் அவருடைய கிளப், சம்பளத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்தது. வேறு கிளப்புக்கும் விடவில்லை. ஐந்து ஆண்டு வழக்காடி 1995 டிசம்பரில் ஐரோப்பிய கோர்ட்டில் வென்றார். ஒப்பந்தம் முடிந்தவர் சுதந்திரமானவர் என்று ஆயிற்று. அதற்குப் பிறகு வந்தவர்கள் கோடீசுவரர்கள் ஆனார்கள். பாஸ்மன் பின்னாளில் வறுமையில் வாடினார். ஆட்டக்காரர் சங்கம் உதவ வேண்டி வந்தது.

மைதானத்தைக் கட்டியவர்

இந்தச் சங்கிலி கால்பந்தாட்டக்காரருக்கு மட்டும் அல்ல. கத்தார் நாட்டுக்குப் பிழைக்கப் போன நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். 2022 உலகக் கோப்பைக்கு மைதானங்கள் கட்டியவர்களில் இந்தியரும் நேபாளியரும் வங்காள தேசத்தவரும் ஏராளம். அங்கேயும் அதே விதி. முதலாளி எழுதிக் கொடுக்காமல் வேறு வேலைக்குப் போக முடியாது.

உலகம் முழுவதும் கேள்வி கேட்ட பிறகு 2020-ல் அந்த விதியைச் சட்டத்தில் மாற்றினார்கள். 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால் ஆனது. அன்றைய மதிப்பில் சுமார் 20 ஆயிரம் ரூபாய். உணவும் இடமும் தராவிட்டால் அதற்குத் தனிப் பணம். அந்த மைதானத்தில் கோப்பை வென்ற அர்ஜென்டினாவுக்குப் பரிசு 4 கோடியே 20 லட்சம் டாலர். ஏறத்தாழ 350 கோடி ரூபாய்.

இங்கிலாந்திலும் இந்த இடைவெளி உண்டு. 1992-ல் அந்த நாட்டு லீக் போட்டியை டெலிவிஷனில் காட்ட ஐந்து ஆண்டுக்கு 30 கோடி பவுன் போலக் கொடுத்தார்கள். 2016-ல் தொடங்கிய மூன்று ஆண்டுக்கு 500 கோடி பவுனுக்கு மேல்! ஆனால் அதே மைதானத்தைக் கூட்டிப் பெருக்குகிறவருக்குக் குடும்பம் நடத்தப் போதுமான கூலி தருவோம் என்று ஒப்புக்கொண்ட முதல் கிளப் செல்சி. அதுவும் 2014 டிசம்பரில்தான். பந்து உதைத்தவருக்குச் சங்கம் இருந்தது. துடைப்பம் பிடித்தவர் ஏஜென்சி ஆள்.

எல்லையில் இரண்டு கணக்கு

ஏஜென்சி ஆள் என்றதும் ஓசூர் வந்துவிட்டது!

1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980 வாக்கில் அசோக் லேலண்டு லாரியும் டி.வி.எஸ். மொபெட்டும் இங்கே உருவாயின. 1987-ல் டைட்டன் கடிகாரம் வந்தது. பழைய தொழிலாளிகள் நிரந்தர வேலையில் வீடு கட்டினார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இன்று ஷிப்டு பஸ்ஸில் ஏறுகிற இளைஞரில் பலர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், அல்லது பயிற்சியாளர் என்ற பெயரில் வேலை செய்கிறவர்கள். நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்று ஒரே நட்டை முடுக்கினாலும் சம்பளச் சீட்டு வேறாக இருக்கும்.

எல்லையிலும் ஒரு வேடிக்கை. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. அது கர்நாடகம். குறைந்தபட்சக் கூலியை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே நிர்ணயிக்கிறது. ஆகவே ரோட்டின் இந்தப் பக்கம் ஒரு கணக்கு. அந்தப் பக்கம் வேறு கணக்கு.

தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் செய்தார்கள். 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று அது சொன்னது. பெண் தொழிலாளியின் பிரசவ விடுமுறையில் 12 வாரம் வரை வேலை நாளாகவே கணக்கு. ஆனால் ஏஜென்சி மூலம் வந்தவர் யாருடைய ஆள், ஆலையின் ஆளா, ஏஜென்சியின் ஆளா? இந்தக் கேள்விக்காகக் கோர்ட்டு படி ஏறியவர்கள் பலர். 2025 நவம்பரில் மத்திய அரசின் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. கணக்கைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

பெரியவர் இந்த 480 நாள் விவரத்தைச் சொன்னதும் நீலப் பனியன் இளைஞர் விரல் மடக்கத் தொடங்கினார்.

"நான் வந்து பத்தொன்பது மாசம் ஆச்சு ஐயா. நடுவுல பத்து நாள் வேலைக்கு வராதேன்னாங்க. அதைக் கழிக்கணுமா?"

"அது இருக்கட்டும். சம்பளச் சீட்டெல்லாம் பத்திரமா வெச்சிருக்கியா?"

"முதல் நாலு மாசம் சீட்டே தரலீங்களே."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இளைஞர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். முதுகில் "சேத்ரி 11" என்ற எழுத்து கூட்டத்தில் மறைந்தது. டீக்குக் காசு கொடுத்தவர் அவரைச் சீண்டிய நண்பர்தான்.