பட்டாளத்துப் பாட்டனாரைத் தேடி

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் ஒருவரிடம் "தங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று வினவினால் இருவகை விடை கிடைக்கும். அண்மைத் தலைமுறையில் பிழைப்பை நாடி வந்தவர்கள் ஊர், வட்டம், மாவட்டம் மூன்றையும் தயங்காது சொல்வர். அல்சூரிலும் மர்பி டவுனிலும் சிவாஜி நகரிலும் நாலைந்து தலைமுறையாக வேரூன்றிவிட்டவர்களோ சற்றே யோசித்து, "எங்கள் முப்பாட்டனார் பட்டாளத்தோடு வந்தவராம்" என்பர். அதற்கு மேல் பேச்சு நகராது. எந்தப் பட்டாளம்? எந்த ஆண்டு? எந்த ஊரிலிருந்து? 'வந்தவராம்' என்பதன் கடைசியில் நிற்கும் அந்த 'ஆம்' என்னும் ஐயத்தை நீக்கி, செய்தியை உறுதியாக்க வழியுண்டா என்று பார்ப்பதே இங்கு நம் நோக்கம்.

தமிழர் இவ்வூரில் பட்டாளத்தோடுதான் முதன்முதலாக அடியெடுத்து வைத்தனர் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தொம்மலூர், மடிவாளம் ஆகிய இடங்களின் கோயில்களில் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. அது தனிக் கதை. நம் சிப்பாயின் கதை 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர்த் தொடங்குகிறது. அங்கே தங்கிய ஆங்கிலப் படையைக் காய்ச்சல் வாட்டவே, 1809 அளவில் பெங்களூரில் புதிய படை நகரம் அமைந்தது. கன்னடத்தார் அதற்கு இட்ட பெயர் 'தண்டு'. படைவீரர் பின்னே சமையற்காரர், வண்ணார், வண்டிக்காரர், வணிகர், ஒப்பந்தக்காரர் என ஒரு தமிழ் உலகமே வந்து குடியேறிற்று. இன்று உயர்நீதிமன்றம் அமர்ந்திருக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டுவித்து, 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நிறுவிய ராய் பகதூர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் இவ்வுலகில் தோன்றிய பெருந்தகையே.

முப்பாட்டனார் சிப்பாய் என்றால் முதலில் ஐயுற வேண்டியது சாப்பர் படையை. 1780 செப்டம்பர் 30-இல் சென்னையில் மூர்ஹவுஸ் என்னும் அதிகாரி பயனியர் வீரர்களைக் கொண்டு திரட்டிய இரு கம்பெனிகளே அதன் வித்து. அந்த மூர்ஹவுஸ் 1791-இல் இதே பெங்களூர்ப் பேட்டையைத் தாக்கியபோது மாண்டார். (அம்முற்றுகையில் இறந்தோர்க்காக நிறுவப்பட்ட நினைவுத் தூண் 1964-இல் அகற்றப்பட்டது.) 1834 முதல் சாப்பர்களுக்குப் பெங்களூரே தலைமையிடம். அப்படையே இன்று மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்ற பெயருடன் அல்சூர் ஏரிக்கரையருகே விளங்குகிறது. அதன் வீரருக்கு வழங்கும் செல்லப்பெயர் 'தம்பி' என்பது நம்மவர்க்கு இனிக்கும் செய்தி.

பாலம் கட்டுதல், பாதை வெட்டுதல், கோட்டைச் சுவரின்கீழ் வெடி வைத்தல் ஆகியவை இவர்தம் தொழில். ஆகவே போர் எங்கு நிகழினும் இவர்களுக்கு அழைப்பு வந்தது: 1840 முதல் 1842 வரை சீனம், 1843-இல் சிந்து நாட்டு மீயானி, 1857-இல் பாரசீகம், அதையடுத்து இலக்னோ, 1867-68-இல் அபிசீனியா, 1882-இல் எகிப்து, 1885 முதல் பர்மா. வீட்டுப் பெரியவர்கள் 'சீனச் சண்டை' என்றோ 'பர்மாச் சண்டை' என்றோ சொல்லி வந்திருப்பின், அச்சொல்லை அலட்சியம் செய்யலாகாது. அது ஓர் ஆண்டுக்குச் சமம்.

அடுத்தபடி வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். போர்ப் பதக்கம் வெள்ளியாலானது. பெரும்பாலான பதக்கங்களின் விளிம்பில் வீரனின் பெயர், எண், படை ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அபிசீனியப் பதக்கத்தில் மட்டும் விளிம்பைப் பார்த்துப் பயனில்லை. பின்புறத்து நடுவட்டத்தில் பெயர் உண்டு. வெள்ளையர் பெயர் அதில் புடைத்த எழுத்தாகவும், இந்தியர் பெயர் பதிந்த எழுத்தாகவும் இருக்கும். பர்மாப் போரின் பதக்கம் வெண்கலமாயின், பாட்டனார் துப்பாக்கி ஏந்தியவர் அல்லர், படையைத் தொடர்ந்த பணியாள் என்று கொள்ளலாம். அதில் குறைவு ஏதுமில்லை. டோலி தூக்கியவர் இல்லையேல் காயமுற்றவர் பிழைத்திருப்பாரா? பஞ்ச காலத்தில் பதக்கத்தை உருக்கிக் கொலுசு செய்த குடும்பங்களுக்கு இத்துணை எழுத்தும் நெருப்போடு போயிற்று.

பெயர் கிடைத்தால் மட்டும் போதாது. ஒரே கம்பெனியில் எத்தனை ராமசாமிகள்! ஆங்கில எழுத்தர் 'சாமி'யைச் 'சாவ்மி' என்றும், 'முத்து'வை 'மூட்டூ' என்றும் காதில் விழுந்தவாறே எழுதினர். ஆதலால் பெயருடன் தகப்பனார் பெயரையும் படை எண்ணையும் கூட்டித் தேடுவதே முறை. சிப்பாய் சேர்ந்தபோது அவனுடைய வயது, உயரம், சாதி, அடையாள மச்சம், தகப்பன் பெயர், கிராமம், ஜில்லா எல்லாம் பட்டாளத்தின் விவரப் பட்டியலில் ஏறின. இலண்டனில் சேர்ந்துள்ள கம்பெனியார் ஆவணங்களில் ஐரோப்பியர் பெயர்களே மலிந்திருக்கும். இந்தியச் சிப்பாயை அங்கே தேட வேண்டுமாயின் பதக்கப் பட்டியல்களே துணை. சுபேதார், ஜமேதார் நிலைக்கு உயர்ந்தவராயின் சென்னை ராணுவத்தின் அச்சிட்ட பதவிப் பட்டியல்களில் பதவியேற்ற நாளோடு பெயரைக் காணலாம். படையின் போக்குவரத்தை அறிய வைபர்ட் 1881-83-இல் வெளியிட்ட இரு தொகுதிகளும், வில்சனின் சென்னை ராணுவ வரலாறு ஐந்து தொகுதிகளும் உண்டு. எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ராணுவ இலாகாவின் நடவடிக்கைகள் உள்ளன. கிறிஸ்தவக் குடும்பத்தார்க்கு மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு இன்னும் எளிய வழி.

இன்னொரு குறிப்பு. சென்னை ராணுவத்தில் சிப்பாய்களின் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. எனவே தகப்பன் கிடைக்காவிடில் மகனைத் தேடுக. மகனின் பதிவில் தகப்பன் பெயர் நிற்கும்.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்போர் உளர். சாப்பர் படையில் பல சாதியாரும் இருந்தனர். பறையர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் அதில் பெருந்தொகையினர். கிராமத்தில் இவர்கள் பெயரில் பட்டா இல்லை. கோயிற் கணக்கில் பெயரில்லை. நிலம் உடையோன் பரம்பரையைத் தஸ்தாவேஜு காக்கும். உழைத்தவன் பரம்பரையை யார் காத்தனர்? அவன் தகப்பன் பெயரை முதன்முதல் மதித்து மையில் எழுதியது பட்டாளத்து எழுத்தர்தாம். எத்தனையோ குடும்பங்களுக்கு 1850-க்கு முந்திய ஒரே எழுத்துச் சான்று அதுவாகவே இருக்கக்கூடும்.

பெருமையை மட்டும் பொறுக்கியெடுப்பது நேர்மையாகாது. சீனப் போர் அபினி வாணிகத்தின் பொருட்டு நிகழ்ந்தது. இலக்னோவில் எதிரே நின்றோர் நம் நாட்டவர். பாட்டனார் அங்கே இருந்தார் என்றால் இருந்தார் என்றே எழுதி வைக்க வேண்டும். கூலிக்கும் கஞ்சிக்கும் சென்றவர் மீது சாம்ராஜ்யத்தின் முழுப் பாவத்தையும் ஏற்றவும் வேண்டாம். அவர் அடைந்த பதக்கத்தைக் கண்டு அப்போரே அறப்போர் என்று சாதிக்கவும் வேண்டாம்.

முடிவாக ஊரின் பெயர் அகப்பட்டதும் பழைய ஜில்லாவைக் கண்டு மயங்கக் கூடாது. 'வட ஆர்க்காடு' என்று பதிவில் இருந்தால், 1911-இல் அதிலிருந்து பிரிந்த பகுதிகளைக் கொண்ட சித்தூர் ஜில்லா இன்று ஆந்திரத்தில் உள்ளது. எஞ்சியது 1989-இலும் 2019-இலும் பிரிந்து திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என நான்காயிற்று. 'சேலம்' என்றால் 1965-இல் பிரிந்த தருமபுரியையும், அதிலிருந்து 2004-இல் பிரிந்த கிருஷ்ணகிரியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரே பெயருடைய ஊர்கள் மூன்று நான்கு வந்து குழப்பினால், வீட்டு மூதாட்டியாரை அணுகி, முதல் முடி இறக்க எந்தக் குலதெய்வத்தின் வாசலுக்குக் குழந்தையை எடுத்துச் சென்றனர் என்று கேட்டு, அக்கோயில் எந்த ஊருக்கு அண்மையில் உள்ளதோ அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.