வாசல் கோலத்தில் ஒளிந்திருக்கும் கணக்கு!

மார்கழி பிறந்தாலே வாசலெல்லாம் கோலம்தான். கணக்கு என்றாலே ஓடி ஒளியும் 6, 7, 8-ம் வகுப்புப் பிள்ளைகளைக் கோலமாவோடு உட்காரவைக்க இதுவே சரியான நேரம். வகுப்பறையில் சாக்பீஸ் போதும்.

புள்ளி எத்தனை?

நேர்ப்புள்ளி 7, 1-ல் முடியும் கோலம். வரிசைகள்: 1, 3, 5, 7, 5, 3, 1. ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். 1+3+5+7=16, அதாவது 4×4. மீதி 5+3+1=9, அதாவது 3×3. மொத்தம் 25. நடுவில் 9 புள்ளி என்றால்? 5×5, 4×4 இரண்டையும் கூட்டுங்கள்... 41!

கம்பி எத்தனை?

இது சிக்குக் கோலம். 2 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி வையுங்கள். பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் அடுத்தடுத்து உள்ள புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் குறுக்காக வெட்டிச் செல்ல வேண்டும். ஓரப் புள்ளிகளைச் சுற்றித் திரும்ப வேண்டும். ஒரே கம்பியில் கோலம் முடிந்துவிடும். 2-க்கு 2 வைத்தால் 2 கம்பி. 3-க்கு 3 வைத்தால் 3. 4-க்கு 6 வைத்தால் 2.

ரகசியம் இதுதான்: அந்த இரண்டு எண்களின் மீ.பெ.கா எதுவோ, அத்தனை கம்பி! ஓர் அணி எண்களைச் சொல்லட்டும். மறு அணி கம்பியைக் கணித்துவிட்டுப் போட்டுப் பார்க்கட்டும்.

பரீட்சையில் தப்பு செய்தால் மார்க் குறையும். இங்கே அழித்துவிட்டு மறுபடி போடலாம். பயம் போக அதுதானே முதலில் வேண்டும்? பையன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, 6-க்கு 9 வைத்தால் எத்தனை கம்பி? நாளைக் காலை வாசலில் போட்டுப் பாருங்களேன்!