கேமரா விவசாயி கையில் இருந்தால் என்ன மாறும்?

சிம்பாங் அம்பாட்டிலிருந்து சுங்கை ஆச்சே வயல் பக்கம் வார இறுதியில் கேமராவோட போறவங்க பெரும்பாலும் எடுப்பது பச்சை வயல், கொக்கு, அந்தி வானம். அழகுதான். அந்த வயலில் வேலை செய்றவங்களே படம் எடுத்தா?

1992-இல் சீனாவின் யுனான் மாநிலத்தில் அது நடந்தது. கேரலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள், 62 கிராமத்துப் பெண்களுக்கு கேமரா கொடுத்துப் பழக்கினாங்க. ஒரு படத்தில் அம்மா சோளக்காட்டில் களை எடுக்கிறார், குழந்தை வரப்போரம் தனியே கிடக்கிறது. வெளியூர்க்காரர் கண்ணில் அது சாதாரணக் காட்சி. பெண்களுக்கோ தினசரிப் பயம். இப்படிப்பட்ட படங்களை அதிகாரிகள் முன் வைத்துப் பேசியதில் குழந்தைப் பராமரிப்பு, மருத்துவச்சி வசதி போன்றவை பற்றி யோசிக்க வேண்டி வந்தது. இந்த முறைக்குப் பெயர் ‘ஃபோட்டோவாய்ஸ்’.

படம் எடுப்பது இதில் பாதி வேலைதான். பிறகு கூடி உட்கார்ந்து, ‘இதில் என்ன தெரியுது? ஏன் இப்படி இருக்கு? என்ன செய்யலாம்?’ என்று பேசணும். நம்ம பட்டறைகளில் விடுபடுவது இதுதான். கண்காட்சி, பிரமுகர் உரை, தேநீரோட முடிச்சிடுறோம்!

ஒளி, கோணம் கற்க இரண்டு நாள் போதும். கைத்தொலைபேசியே கேமரா. ஆனா வாய்க்கால் அடைப்பைக் காட்ட ஒரு படம் போதாது. அதே இடத்தில் நின்று, வாரா வாரம், தேதியோட எடுக்கணும், அறுவடை வரைக்கும்.