சார்பு அமுக்கச் சோதனை

சார்பு அமுக்கச் சோதனை என்பது மகிழுந்துப் பொறியின் சிலிண்டர்களுள் அமுக்கம் குன்றியது எது என, பொறியைக் கழற்றாமல் மின்னோட்டத்தைக் கொண்டு கண்டறியும் முறையாகும். அமுக்கத்தைப் பட்டறைகளில் கம்ப்ரஷன் என்பர்.

பொறியைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார், ஏதேனும் ஒரு பிஸ்டன் அமுக்க வீச்சில் மேலேறும் ஒவ்வொரு முறையும் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. பேட்டரிக் கம்பியைச் சுற்றி மாட்டப்படும் கவ்வி உணரி இதனை அளக்க, அலைவுகாட்டித் திரையில் முகடுகள் தோன்றும். நான்கு வீச்சு, நான்கு சிலிண்டர் பொறியில் கிராங்க் தண்டின் இரு சுற்றுகளுக்கு நான்கு முகடுகள், அதாவது 180 பாகைக்கு ஒன்று அமையும். ஒரு முகடு மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரே ஐயத்திற்குரியது. முதல் சிலிண்டரின் எரியூட்டுக் குறிகையையும் உடன் பதிவு செய்தால், 1-3-4-2 போன்ற எரியூட்டு வரிசையைக் கொண்டு அது எத்தனையாவது சிலிண்டர் எனக் கூறலாம். பொறி இயங்கிவிடாதிருக்க எரிபொருள் தெளிப்பை முன்னரே நிறுத்த வேண்டும்.

டீசல் பொறிகளுக்கு இம்முறை மிகவும் உதவுகிறது. அவற்றில் அழுத்தமானியைப் பொருத்த குளோ பிளக்கையோ தெளிப்பானையோ கழற்ற வேண்டும். பழைய வண்டிகளில் குளோ பிளக் முறிந்து உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு.

எனினும் இது ஒப்பீடு மட்டுமே. எல்லாச் சிலிண்டர்களும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் முகடுகள் சமமாகவே தெரியும். திரையை மட்டும் நம்புவோர் தேய்ந்த பொறியை நல்லதெனக் கொள்ள நேரும். அழுத்தமானி அளவீடே அதனைக் காட்டும். குறையின் காரணத்தை அறிய, சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தும் கசிவுச் சோதனை தேவை. எண்ணெய் ஊற்றும் வாயில் காற்று வந்தால் பிஸ்டன் வளையங்களும், புகைக்குழாயில் வந்தால் வெளியேற்று வால்வும், ரேடியேட்டரில் குமிழிகள் எழுந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்டும் பழுதுற்றுள்ளன எனக் கொள்ளப்படும்.